கழிப்பறைச் சாவியும் காலநிலை நிதியும்

1

ஹைதராபாத்துக்குக் குடிவந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம் முடிகிறது. வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மதுரையிலிருந்து பிரியா போன் செய்து, "நீங்க எத்தன வருசமாக்கா அங்க இருக்கீங்க?" என்று கேட்டிராவிட்டால் நானும் மறந்திருப்பேன்.

பிரியா நான் படித்த மருத்துவக் கல்லூரியில் எனக்கு வெகு பின்னால் படித்தவள். பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு முடித்திருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை.

"வெயிலு ஏற ஏற வேலை செய்றவங்க உடம்பு என்ன ஆகுதுன்னு ஆராய்ச்சி பண்ணணும்க்கா. யாருகிட்டப் போயி நிதி கேக்குறதுன்னே தெரியல. உங்களுக்கு ஃபெல்லோஷிப் கெடச்சிருக்குன்னு சொன்னாங்க. எப்படிக்கா கெடச்சுது?"

கிடைத்தது உண்மை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அவளுக்கு மட்டும் சொல்லி முடிகிற விஷயமில்லை என்று பட்டது. ஆகவே வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவளைப் போல, ஊரில் இருக்கிற உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஹைதராபாத்தைப் போய் வெளிநாடு என்கிறாளே என்று எங்கள் ஊரான கம்பத்தில் என் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்காரரோடு சண்டை போடக்கூட வார்த்தையைத் தேட வேண்டிய ஊர் எதுவானாலும் வெளிநாடுதான். போதாக்குறைக்கு என் பெயர் சாயிரா பானு. இந்த ஊரில் அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோரும் உர்துவில் ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு உர்து வராது. எங்கள் அத்தாவுக்கும் வராது, அத்தாவின் அத்தாவுக்கும் வராது. நாங்கள் தமிழிலேயே பிறந்து தமிழிலேயே நிக்காஹ் முடித்துத் தமிழிலேயே அடக்கமாகிறவர்கள். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சான்றிதழ் ஒன்றில் முத்திரை வாங்கப் போனபோது ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உர்தூ நை ஆத்தி? ஐசா கைக்கு, பேட்டி?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். உர்து வராதா, அது ஏன் மகளே என்று. ஏன் வரவில்லை என்பதை விளக்கவும் உர்து வேண்டும். சிரித்துவிட்டு வந்தேன். இந்த ஊரில் நான் பாதி வேலையைச் சிரித்தே முடித்திருக்கிறேன்.

2

பிரியா, முதலில் தேடுகிற விதத்தைச் சொல்கிறேன்.

காலையில் என் கணவர் ஹக்கீம் கச்சிபௌலியில் கம்பெனி பஸ் பிடிக்கப் போய்விடுவார். எந்த நாட்டு பாங்கின் கணக்கையோ இங்கிருந்தபடி சரிபார்க்கிற மென்பொருள் வேலை. மகள் நஸ்ரின் பள்ளிக்கூட ஆட்டோவில் ஏறுவாள். அதன் பிறகு நான் கணினிமுன் உட்கார்ந்து, உலகத்தில் யார் யார் எதற்கெல்லாம் பணம் தருகிறார்கள் என்று பார்ப்பேன். வட துருவத்துப் பனிக்குத் தருகிறார்கள். பவளப்பாறைக்குத் தருகிறார்கள். மலேரியாவுக்கு, சர்க்கரை நோய்க்கு நிறையவே தருகிறார்கள். வெயிலில் நிற்கிற மனிதனுக்கு என்று கேட்டால்தான் ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள்.

காலநிலைக்குப் பணம் தருகிறவர்களுக்கு எழுதினால், உடல்நலம் எங்கள் வரம்புக்குள் வராது என்பார்கள். உடல்நலக்காரர்களுக்கு எழுதினால், வெயிலுக்கு மருந்து உண்டா என்கிற தொனியில் பதில் வரும். ஆகவே காலநிலைக்காரர்களுக்கு அனுப்பும்போது உடம்பை மறைத்து எழுதவும், உடல்நலக்காரர்களுக்கு அனுப்பும்போது வானத்தை மறைத்து எழுதவும் கற்றுக்கொண்டேன். ஒரே ஆய்வுக்கு என்னிடம் இரண்டு ஜாதகம் இருந்தது.

பிறகு தகுதிகள். நிரந்தர வேலையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று சிலர். நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்தில் நிதி கொண்டுவந்தால்தான் வேலை. தமிழ்நாட்டு உதவித்தொகைக்கு, தமிழ்நாட்டில் பணிபுரிய வேண்டும். இந்த மாநிலத்து உதவித்தொகைக்கு, இங்கே பள்ளியில் படித்திருக்க வேண்டும். கம்பம் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

சிபாரிசுக் கடிதத்தை மறந்துவிடாதே. பேராசிரியர்கள் மறுக்கவே மாட்டார்கள். "நீங்களே ஒரு டிராஃப்ட் எழுதி அனுப்பிருங்கம்மா, பாத்துக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார்கள். எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று கடிதம். மூன்று பெரிய மனிதர்களாக மாறி மாறி உட்கார்ந்து என்னையே புகழ்ந்து எழுதியிருக்கிறேன். ஒருவருக்கு நீட்டி எழுதினால் பிடிக்கும். இன்னொருவர் கறாரானவர் என்பதால் அவர் பெயரில் எழுதும்போது எனக்கு ஒரு சின்னக் குறையும் வைப்பேன். அவர் அதைப் படித்துவிட்டு, புகழ்ச்சி கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று திருத்தி அனுப்பினார். நானே எழுதிய புகழ்ச்சியைப் பற்றி எனக்கே கோபம் வந்தது அன்றுதான்.

அம்மா கம்பத்திலிருந்து போனில் கேட்பார். "வெயில அளக்குறதுக்கா இம்புட்டுப் பாடு? இங்க வந்தேன்னா மாடியில நின்னு சும்மாவே அளக்கலாமே." அம்மா சொன்னதில் தப்பில்லை.

3

நான் வெயிலை அளந்த இடம் மல்லாபூர். நாங்கள் இருக்கிற கச்சிபௌலிக்கு நகரத்தின் எதிர்ப்பக்கம். இரண்டு பஸ் மாறி, ஷேர் ஆட்டோவில் முழங்காலைக் குறுக்கிக்கொண்டு போக வேண்டும். பந்த் நாட்களில் அதுவும் இருக்காது. அங்கே பிளாஸ்டிக் வாளி, குடம் வார்க்கிற ஒரு தொழிற்சாலை. அச்சிலிருந்து சூடாக வந்து விழுகிற வாளியின் விளிம்பைப் பிசிறில்லாமல் சீவி எடுப்பதும் கைப்பிடி மாட்டுவதும் பெண்களின் வேலை. மேலே தகரக் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே போனால், அடுப்பின் மீது கவிழ்த்த பாத்திரத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கும்.

கருப்பு உருண்டை வைத்த ஒரு வெப்பமானியை நடுவில் நிறுத்திவிட்டு, பெண்களின் எடையை வேலைக்கு முன்னும் பின்னும் பார்த்து, எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. என் தெலுங்கு கேள்வி கேட்கத்தான் போதும்; பதிலைப் புரிந்துகொள்ளப் போதாது. ஆகவே கோடை விடுமுறையில் நஸ்ரினைக் கூட்டிப் போனேன். அவளுக்குத் தெலுங்கு, உர்து, இங்கிலீஷ் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது. அந்தப் பெண்களில் மூத்தவர் யாதம்மா. நஸ்ரினைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாளிக் கைப்பிடி மாட்டக் கற்றுக்கொடுத்தார். என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத என் மகள் அவரோடு மணிக்கணக்காகப் பேசினாள்.

ஆய்வில் கலந்துகொள்கிறவர்களுக்குக் கைம்மாறாக ஏதாவது தர வேண்டும் என்பது விதி. நான் ரொம்ப யோசித்து, ஆளுக்கொரு நல்ல தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் அளவுக் கோடுகள் போட்டது. குடித்த அளவும் தெரியும், நன்றி சொன்னதாகவும் ஆகும் என்று என் கணக்கு. மறுநாள் ஒரு பாட்டில்கூடத் தொழிற்சாலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. விசாரித்தால், எல்லாம் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறது. புதுச் சாமானை யாராவது வேலைத் தலத்துக்குக் கொண்டுவந்து அழுக்காக்குவார்களா? இது தெரியாமல் போனதற்கு நான் படித்த படிப்புதான் காரணமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அம்மா புதுத் தம்ளரைப் பெட்டியில்தான் வைப்பார்.

"சரி, பாட்டில் போகட்டும். பானையில் தண்ணீர் இருக்கிறதே, அதையாவது குடிக்கலாமே" என்று கேட்டேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாதம்மா நஸ்ரினின் காதில் ஏதோ சொன்னார். அவள் என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள்.

கழிப்பறை, லாரியில் சரக்கேற்றுகிற இடத்தைத் தாண்டி ஒரே ஒன்று. பூட்டியிருக்கும். சாவி சூபர்வைசரின் சட்டைப் பையில் இருக்கும். போய்க் கேட்க வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால் அவர், "மள்ளீனா?" என்பார். மறுபடியுமா என்று அர்த்தம். சரக்கேற்றுகிறவர்கள் சிரிப்பார்கள். ஆகவே காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால், மாலையில் வீட்டுக்குப் போய்த்தான். நடுவில் தண்ணீரே வேண்டாம்.

கருப்பு உருண்டையை வைத்து நான் கோடை முழுக்க அளந்தது இதைத்தான்.

4

சூபர்வைசரிடம் நானே பேசுகிறேன் என்றேன். யாதம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம், நாங்கள்தான் சொன்னோம் என்று தெரிந்துவிடும், மேலேயிருந்து ஏதாவது திட்டமாக வந்தால் யாருக்கும் கோபம் வராது என்றார். வேலை போனால் அவருக்கு வேறு வழியில்லை.

முதலாளி தங்கமான மனிதர். பெண்கள் வேலை செய்கிற பக்கமே ஒரு கழிப்பறை கட்டி, சாவியை அவர்களிடமே கொடுத்தால் தண்ணீர் குடிப்பது கூடுகிறதா என்று பார்க்கலாம் என நான் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "உங்க ப்ராஜெக்ட்ல வந்தா கட்டிக்கோங்க மேடம், இடம் தர்றேன், எனக்கு ஒரு அப்ஜெக்ஷனும் இல்ல" என்று இங்கிலீஷும் இந்தியும் கலந்து சொன்னார். செலவு மட்டும் என்னுடையது.

நான் யாதம்மாவிடம் போய், திட்டம் வந்தால் சாவி உங்கள் கையில் என்றேன். அதை அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதன் பிறகு நான் போகிறபோதெல்லாம், "சாபி ஏமைந்தி மேடம்?" என்று கேட்பார்கள். சாவி என்ன ஆச்சு என்றுதான். விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்பேன். அப்படித்தான் ஒரு கழிப்பறை காலநிலை ஆய்வுக்குள் வந்தது.

முதல் இடத்தில் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது இடத்தில், கட்டுமானச் செலவுக்கு அனுமதியில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் டில்லிக்கு நேர்காணலுக்கே கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நடுவில் இருந்தவர் மரியாதையானவர். என் தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது டாக்டர். ஆனால் இது கழிப்பறைப் பிரச்சினை. இதில் காலநிலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். வெயில் கூடினால் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் போக வேண்டும். போக வேண்டும் என்றால் ஒரு ஆணிடம் சாவி கேட்க வேண்டும். வருடா வருடம் வெயில் கூடிக்கொண்டே போனால் அந்தப் பெண்ணின் சிறுநீரகம் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி என்றேன்.

"இதைத் தொழிலாளர் துறையிடம் சொல்லலாமே" என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். அவர் சொன்னதும் நியாயம்தான். நியாயமானவர்கள் மத்தியில்தான் நான் எப்போதும் தோற்றிருக்கிறேன்.

5

டில்லியிலிருந்து மறுப்பு வருவதற்குள் என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. சம்பளம் நின்றது. நிறுவனத்தில் மேஜையைக் காலி செய்யச் சொல்லவில்லை. வேறொருவரை அதில் உட்காரவைத்துவிட்டார்கள். கருப்பு உருண்டையை வீட்டுக்கு எடுத்து வந்து அலமாரிமேல் வைத்தேன். ஹக்கீமின் கம்பெனியிலும் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று பேச்சு. அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறக்காததிலிருந்தே நிலைமை தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் விண்ணப்பத்தை அவர் முழுதாகப் படித்தார். அவர் வேலையே பிழை கண்டுபிடிப்பதுதான்.

"ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"அந்தச் சாவிய எடுத்துட்டு அனுப்பு. மத்ததெல்லாம் கச்சிதமா இருக்கு. படிக்கிறவன் அந்த எடத்துல வந்து நிக்கிறான்."

"அதுக்குத்தானே எழுதுறது."

"நீ உள்ள போனாத்தான அத எழுத முடியும்? மொதல்ல உள்ள போ."

நான் சண்டை போட்டிருக்கலாம். போடத் தோன்றவில்லை. எனக்கே அலுத்துப்போயிருந்தது. அந்தப் பகுதியை எடுத்தேன். அந்த இடத்தில் 'வெப்பச் சூழலில் பெண் தொழிலாளரின் தகவமைப்பு நடத்தைகள்' என்று போட்டேன். தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கிறது. கழிப்பறைக்கு ஒதுக்கியிருந்த தொகையை இடுப்பில் கட்டுகிற உணர்கருவிகளுக்கு மாற்றினேன். படித்துப் பார்த்தால் முன்னைவிட அழகாக இருந்தது. மூன்று பேராசிரியர்கள் பெயரில் என்னை மறுபடியும் புகழ்ந்தேன்.

கிடைத்துவிட்டது.

மின்னஞ்சலைப் படித்துவிட்டுச் சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. துக்கமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அரிசி களைந்தேன். ஹக்கீமுக்கு போன் செய்தேன். அவர் அழுதுவிட்டார். அவருக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்ததாகச் சொன்னார். எல்லோரும் என் பொருட்டு மகிழ்ச்சியாக இருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நஸ்ரின் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கணினியில் திறந்திருந்த சுருக்கத்தைப் படித்தாள். மல்லாபூர் பேட்டிகளையெல்லாம் அவள்தான் மொழிபெயர்த்திருந்தாள். கடைசிவரை படித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தாள்.

"வேர் இஸ் த கீ?" என்றாள்.

"அத இந்தத் தடவ எடுத்துட்டோம்மா. அடுத்த தடவ பாக்கலாம்."

"யாதம்மா ஆன்ட்டிகோ போலே க்யா?" அவரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்கிறாள்.

"சொல்லணும்."

"ஹவ்" என்றாள். சரி என்பதற்கு இந்த ஊர்ச் சொல். பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அன்றைக்குப் பிறகு மல்லாபூருக்கு வருகிறாயா என்று எப்போது கேட்டாலும் "நக்கோ" என்கிறாள், வேண்டாமாம். டியூஷன் இருக்கிறதாம். இருக்கிறது, நான்தான் பணம் கட்டினேன்.

6

போன வாரம் புது ஆய்வுக்காக மல்லாபூர் போனேன். தமிழும் தெலுங்கும் தெரிந்த உதவியாளர் ஒருத்தியை இப்போது சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிகிறது. கைம்மாறாகப் பருப்பும் எண்ணெயும் கொடுப்பதாக ஏற்பாடு. பாட்டிலில் கற்ற பாடம்.

பெண்கள் என்னைப் பார்த்ததும் கூடிவிட்டார்கள். எனக்கு வேலை திரும்பக் கிடைத்ததில் அவர்களுக்கு உண்மையாகவே சந்தோஷம். ஒருத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இடுப்புக் கருவியை வாங்கி ஆளாளுக்குக் கட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். யாதம்மா மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சாபி?" என்றார்.

"ஈ சாரி லேது அக்கா" என்றேன். இந்தத் தடவை இல்லை. கேள்வி அல்லாமல், யார் துணையும் இல்லாமல் நானே தெலுங்கில் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை. நான் வழக்கப்படி ஒப்புதல் வாசகத்தை வாசிக்கச் சொன்னேன். உதவியாளர் வாசித்தாள். என்ன அளக்கப் போகிறோம், எத்தனை நாள், யாருக்குச் சொல்வோம், யாருக்குச் சொல்ல மாட்டோம். கடைசியில், விருப்பமில்லை என்றால் நீங்கள் மறுக்கலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஏன் என்று நாங்களும் கேட்க மாட்டோம். இந்த வரியை எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறோம். வாசித்து முடித்ததும் பேனாவை நீட்டுவோம், வாங்கிக் கையெழுத்துப் போடுவார்கள். என் அனுபவத்தில் ஒருவர்கூட மறுத்ததில்லை. மறுக்கலாம் என்பதை யாரும் காதில் வாங்கிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றியதில்லை.

யாதம்மா அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். உதவியாளர் வாசித்தாள்.

"நாகொத்து மேடம்" என்றார். எனக்கு வேண்டாம்.

ரொம்ப மரியாதையாகச் சொன்னார். நஸ்ரின் எப்படி இருக்கிறாள், நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டார். படிக்கிறாள் என்றேன். எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டு, வாளிகளுக்கு நடுவே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

உதவியாளர் புதியவள். "ஏன் மேடம் வேணாங்குறாங்க? போய்க் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

கேட்கக் கூடாது என்றேன். அப்படி எழுதியிருக்கிறோம் அல்லவா. சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதமும் வராதது, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, எல்லோரும் பார்க்க வந்தது. யாதம்மா நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு வந்து என்னிடம் கொடுத்தார்.